தள்ளுண்ட ஏடுகள்: விவிலியத்தில் சேராத நூல்களும் தமிழகமும்

ஆடி மாதத்திலும் தீபாவளிக்கு முன்னரும் பட்டுச்சேலைக் கடைகளின் வாயிலில் தொங்கும் பலகைகளில் 'தள்ளுபடி' என்னும் சொல்லைக் கண்டு பழகியவர்கள் நம்மூரார். விலையில் ஒரு பகுதியைக் கழித்துத் தருதல் என்பது அதற்கு நாம் அறிந்த பொருள். நீதிமன்றப் படியேறியவர்க்கு அதே சொல் வேறு பொருள் தரும். தமிழ்க் கிறித்தவரிடையே இச்சொல் ஒரு நூல்தொகுதியின் பெயராகவும் வழங்கிவருகிறது என்பதைப் பலர் அறியார். 'தள்ளுபடி ஆகமங்கள்' என்பது அப்பெயர்.

எவை அந்நூல்கள்? தள்ளியவர் யாவர்? தள்ளியது எதனால்? நம் வட்டத்தின் மாதக் கூட்டமொன்றில் இளங்கவிஞர் ஒருவர் இவ்வினாக்களை எழுப்பினார். உரோமைப் பேரரசன் நைசியா நகரில் கூட்டிய சபை, ஒரே அமர்வில் வாக்கெடுத்து வேண்டாத நூல்களை நெருப்பிலிட்டது என்று அவர் எங்கோ படித்திருந்தார். நேரம் கருதி அன்று 'அப்படியன்று' என்னும் அளவில் விடையிறுத்து அமர்ந்துவிட்டேன். அவ்விடை போதாது என்னும் உறுத்தலே இக்கட்டுரைக்குக் காரணம்.

விடுபட்ட நூல்களை ஒரே கட்டாகக் கட்டிப் பேசுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. பழைய ஏற்பாட்டைச் சார்ந்து எழுந்து, சில சபைகளால் ஏற்கப்பட்டுச் சில சபைகளால் தள்ளப்பட்டவை ஒரு வகை. இயேசுவின் பெயராலும் திருத்தூதர் பெயராலும் எழுதப்பட்டு, எச்சபையின் புதிய ஏற்பாட்டிலும் நிலையான இடம் பெறாதவை மற்றொரு வகை. முதல் வகையின் வரலாறு தமிழ் அச்சு வரலாற்றோடு பின்னிக் கிடத்தலின் அதனை முன்வைக்கிறேன்.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டு தொடங்கி எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூதர்கள் தங்கள் மறைநூல்களைக் கிரேக்கத்தில் பெயர்க்கலாயினர். 'எழுபதின்மர் மொழிபெயர்ப்பு' என்று அது வழங்கும். அக்கிரேக்கத் தொகுதியோடு தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் முதலிய நூல்களும் சேர்ந்து வழங்கின. எபிரேயத் தொகுதியில் இவை இல்லை. தொடக்கக்காலக் கிறித்தவர் பெரிதும் கிரேக்கம் படித்தவராதலின் இவற்றையும் சேர்த்தே படித்தனர். கி.பி. 400 அளவில் விவிலியத்தை இலத்தீனில் பெயர்த்த எரோணிமு, எபிரேயத்தில் உள்ளதே மூலம், ஏனையவை படித்தற்குரியனவேயன்றிக் கொள்கைக்குச் சான்றாகா என்றார். அவர் காலத்தவராகிய அகுஸ்தீன் அதனை ஏற்கவில்லை. கிப்போவில் 393இலும் கார்த்தேசில் 397இலும் கூடிய சங்கங்கள் அகுஸ்தீன் பக்கமே நின்றன. இருவரும் ஒரே சபையின் புனிதர்கள். அவர்களிடையே தோன்றிய வழக்குத் தீர ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தீர்ந்ததும் இருவேறு தீர்ப்புகளாக. 1534இல் வெளிவந்த தம் செருமானிய விவிலியத்தில் லூத்தர் இந்நூல்களைப் பிரித்தெடுத்து, மறைநூலுக்கு ஒப்பாகாவிடினும் படிக்க நல்லவை என்னும் குறிப்போடு இரு ஏற்பாடுகளுக்கும் இடையே வைத்தார். 1546 ஏப்ரல் 8ஆம் நாள் திரெந்துச் சங்கம் இவற்றை முழு மறைநூல் என்றே உறுதிசெய்தது.

இவற்றுள் சீராக்கின் நூல் எபிரேயத்தில் கிடைக்காதது அதனைத் தள்ளுவதற்குத் துணையாகக் காட்டப்பட்ட ஒரு காரணம். 1896இல் கெய்ரோவின் பழைய யூதத் தொழுகைக்கூடத்து ஏட்டறையிலிருந்து அதன் எபிரேயப் பகுதிகள் வெளிப்பட்டன. 1964இல் மசாடாக் கோட்டை அகழ்வில் அவற்றினும் பழைய பகுதி கிடைத்தது. மூலமே தோன்றிவிட்டது; பட்டியல் மாறவில்லை. பட்டியல் ஒன்று உறைந்தபின் சான்று வந்து என் செய்வது!

தரங்கம்பாடிக்கு வருவோம். 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழில் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத்து வரை பெயர்த்த நிலையில் 1719இல் அவர் மறைந்தார். எஞ்சியதைப் பெயர்த்து முடித்தவர் பெஞ்சமின் சூல்ட்சே. பழைய ஏற்பாடு பகுதி பகுதியாக 1723 முதல் வெளிவந்தது. 1728இல் வெளிவந்த பகுதியில் தள்ளுபடி ஆகமங்கள் இடம்பெற்றன. லூத்தரின் வழியில் வந்தவர்கள் லூத்தர் செய்தவாறே செய்தனர். ஆகவே தமிழில் முதன்முதல் முழுமையாக அச்சேறிய விவிலியம் இந்நூல்களையும் உள்ளடக்கியது. 'தள்ளுபடி' என்று பெயரிட்டுக்கொண்டே அச்சிட்டார்கள் என்பதுதான் சுவை.

பின்னர் அவை தமிழ்ச் சீர்திருத்தச் சபையார் கையிலிருந்து நழுவியது எங்ஙனம்? இங்கே கொள்கையோடு பணமும் வருகிறது. 1804இல் இலண்டனில் தோன்றிய பிரித்தானிய வெளிநாட்டு விவிலியச் சங்கம், உலகின் பல மொழிகளில் மலிவு விலையில் விவிலியம் அச்சிட நிதியுதவி செய்தது. இறைவாக்கு அல்லாத நூல்களை அச்சிட எங்கள் நன்கொடை செலவாகலாகாது என்று இசுகாத்துலாந்து உறுப்பினர்கள் கிளர்ந்தனர். ஐந்தாண்டுப் பூசலுக்குப்பின் 1826இல், இந்நூல்களைச் சேர்த்துக் கட்டும் எப்பதிப்புக்கும் உதவியில்லை என்று சங்கம் முடிவு செய்தது. 1871இல் பவர் ஐயர் தலைமையில் நிறைவுற்று இன்றளவும் பெருவழக்காய் உள்ள தமிழ்ப் பெயர்ப்பு அறுபத்தாறு நூல்களைக் கொண்டதாகவே வந்தது. அதைப் படித்து வளர்ந்த தலைமுறைகளுக்கு விவிலியம் என்றாலே அறுபத்தாறு. தரங்கம்பாடி அச்சுக்கூடத்தில் இந்நூல்களுக்கும் எழுத்துக் கோத்தார்கள் என்பதே மறந்துபோயிற்று. இலண்டன் நகரில் நிகழ்ந்த ஒரு வரவுசெலவுத் தீர்மானம் தமிழ்க் குடும்பத்தின் மாடத்திலிருந்த நூலின் பருமனை வரையறுத்தது எனலாம்.

கத்தோலிக்கரும் ஏனைய சபையாரும் கூடி உழைத்து 1995இல் வெளியிட்ட 'திருவிவிலியம்' இவற்றை 'இணைத் திருமுறை நூல்கள்' என்று பெயர் மாற்றித் தனிப் பகுதியாக அமைத்தது. தமிழாசிரியர்கள் இப்பெயர்மாற்றத்தைக் கூர்ந்து நோக்கவேண்டும். முந்தியது 'ஆகமம்', பிந்தியது 'திருமுறை'. இரண்டும் சைவத்தின் சொற்கள். வகுத்து முடிந்த மறைநூல் தொகுதி என்னும் கருத்துக்குத் தமிழில் சொல் தேடியவர்கள், எந்தச் சபையினராயினும், சைவரின் வாயிலையே தட்டியிருக்கிறார்கள்.

இனி இரண்டாம் வகை. சென்னையில் சாந்தோம் ஆலயத்தையும் சின்னமலையையும் பரங்கிமலையையும் பார்க்காதவர் நம்மில் குறைவு. திருத்தூதர் தோமா இங்கு வந்து மறைபரப்பி உயிர்நீத்தார் என்பது அவ்விடங்களின் மரபு. விவிலியத்தைப் புரட்டினால் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. தோமா இந்தியாவுக்கு வந்தார் என்பதை விரித்துரைக்கும் மிகப் பழைய நூல் 'தோமாவின் பணிகள்' என்பது. மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிரியாக்கு மொழியில் எழுந்தது. விவிலியத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டது. திருத்தூதர்கள் சீட்டுப்போட்டு நாடுகளைப் பங்கிட்டபோது இந்தியா தோமாவுக்கு விழுந்ததாம். அவர் போக மறுத்தாராம். இயேசுவே அவரை ஒரு வணிகனுக்குத் தச்சன் என்று விற்றுவிட்டாராம். கொந்தபோரன் என்னும் அரசன் அரண்மனை கட்டக் கொடுத்த பொன்னை அவர் ஏழைகளுக்கு வாரி வழங்கிவிட்டு, மாளிகை விண்ணில் எழும்பிவிட்டது என்று சொல்லிச் சிறை புகுந்த கதை வாதவூரரின் குதிரைக் கதையை நமக்கு நினைவூட்டும். இவ்வரசனைக் கற்பனை என்றே பலர் கருதிவந்தனர். 19ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியப் பகுதியில் அவன் பெயர் பொறித்த காசுகள் கிடைத்தன. கதை முழுதும் மெய் என்பதற்கு அது சான்றாகாது. முழுதும் பொய் என்று தள்ளவும் இடமில்லை.

அந்நூலினுள்ளே கவிஞர்கள் அறியவேண்டிய பாட்டு ஒன்றும் உண்டு. பாம்பு காக்கும் முத்தைக் கொணர எகிப்துக்கு அனுப்பப்பட்ட இளவரசன் அந்நாட்டு உணவை உண்டு தன்னை மறக்கிறான். வீட்டிலிருந்து மடல் ஒன்று பறவையாய்ப் பறந்து வந்து அவனை எழுப்புகிறது. முத்தோடு திரும்புபவனை அவன் விட்டுச்சென்ற ஆடை எதிர்கொள்கிறது. அவ்வாடையில் அவன் தன்னையே காண்கிறான். பட்டு நெய்யும் ஊரில் இருந்துகொண்டு இதைப் படிப்பது தனி இன்பம். 'முத்தின் பாடல்' என்னும் இது மிகச் சில கைப்படிகளால் மட்டுமே நமக்கு எட்டியது. நூலைத் தள்ளியதற்குக் காரணங்கள் உண்டு: மணவாழ்வே கூடாது என்னும் அளவுக்குத் துறவை வற்புறுத்தியமை ஒன்று, மானி என்பாரின் சமயத்தார் இதனைக் கையாண்டமை மற்றொன்று. மாற்றான் கையில் கண்ட ஏடு தன் வீட்டில் தங்குவது அரிது.

புதிய ஏற்பாட்டின் எல்லை வரையப்பட்ட முறைக்குத் திரும்பினால், நைசியாக் கதை நிற்கவில்லை. 325இல் கூடிய அச்சங்கம் நூற்பட்டியல் எதனையும் வகுத்ததாகச் சான்றில்லை. அதற்கு முன்பே, 144 அளவில், மார்சியோன் என்பவர் பழைய ஏற்பாட்டை முற்றும் விலக்கி, லூக்கா நற்செய்தியையும் பவுலின் பத்துத் திருமுகங்களையும் மட்டும், அவற்றையும் வெட்டிக் குறைத்து வைத்துக்கொண்டார். அவருடைய சுருங்கிய பட்டியலே மற்றவரைப் பட்டியலிடத் தூண்டியது என்பர். 180 அளவில் இரேனியு நற்செய்திகள் நான்கே என்றார். இலத்தீனில் கிடைத்துள்ள ஒரு பழம்பட்டியல், 'எர்மாவின் ஆயன்' என்னும் நூலைத் தனியே படிக்கலாம், சபையில் படிக்கலாகாது என்கிறது. அண்மைக் காலத்து நூல் என்பது அதற்குக் காரணம். இப்போது நாம் காணும் இருபத்தேழு நூல்களை அப்படியே எண்ணிச் சொன்ன முதல் ஆவணம், அலெக்சாந்திரிய ஆயர் அத்தனாசியு 367இல் விடுத்த பாசுகா மடல்.

செராப்பியோனின் கதையை விட்டுவிட மனமில்லை. அந்தியோக்கியாவின் ஆயராகிய அவர் 200ஆம் ஆண்டையொட்டி ஒரு சிற்றூர்ச் சபையாரைக் காணச் சென்றார். பேதுருவின் பெயரால் ஒரு நற்செய்தியை அவர்கள் படித்துவந்தனர். தாமே நூலைப் பாராமல், படித்துக்கொள்ளுங்கள் என்று கூறி வந்துவிட்டார். பின்னர் ஒரு படியை வாங்கிப் படித்தபோதுதான், இயேசு மெய்யாகத் துன்புறவில்லை என்போரின் கொள்கைக்கு அதில் இடமிருப்பதைக் கண்டார். இசைவைத் திரும்பப் பெற்று எழுதினார். சட்டமும் இல்லை, படையும் இல்லை. நூலைப் படித்த ஓர் ஆயரின் மடல், அவ்வளவே. படிக்காமல் அணிந்துரை எழுதிப் பின் வருந்துவோர் நம் காலத்திலும் இல்லாமலில்லை.

மொழிநடையை வைத்து வழக்காடியவரும் உண்டு. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் அலெக்சாந்திரியாவின் தியோனீசியு, யோவான் நற்செய்தியையும் திருவெளிப்பாட்டையும் ஒப்பிட்டு, சொல்லாட்சியும் இலக்கணமும் வேறாதலின் ஆசிரியரும் வேறு என்றார். நக்கீரர் எத்தனைபேர், ஔவையார் எத்தனைபேர் என்று நாம் ஆராய்வது இம்முறையில்தான். அவர் வாதம் வலியது. ஆயினும் திருவெளிப்பாடு உள்ளேயே தங்கிற்று. வழிபாட்டில் அதனைப் படித்துப் பழகியோர் மிகப் பலர். திருத்தூதர் தொடர்பு, பழைமை, கொள்கைப் பொருத்தம் என்று அளவுகோல்கள் பல சொல்லப்பட்டாலும், பல ஊர்ச்சபைகளில் நெடுநாள் படிக்கப்பட்டு வந்ததா என்பதே எல்லாவற்றினும் வலிய அளவுகோலாய் இருந்தது என்பது என் கருத்து.

பெண்பால் பற்றி ஒரு சொல். மரியாவின் பெயரால் அமைந்த நற்செய்தி ஒன்றின் சிதைந்த சுவடி 1896இல் கெய்ரோவில் விலைக்கு வந்து 1955இல் பதிப்பிக்கப்பட்டது. ஆண்டவர் தமக்கு உரைத்ததை மரியா எடுத்துச் சொல்கிறார். நம்மை விடுத்து ஒரு பெண்ணிடமா அவர் மறைவாகப் பேசியிருப்பார் என்று பேதுரு சினக்கிறார். லேவி மரியாவுக்காகப் பேசுகிறார். பெண் பேசினாள் என்பதனாலேயே அது தள்ளப்பட்டது என்று மேடையில் முழங்குதல் எளிது. நானும் ஒருகால் அவ்வாறு முழங்கியதுண்டு. ஆனால் பகைத் தளபதியின் தலையை வாளால் கொய்த கைம்பெண் யூதித்தின் கதையையும், பொய்ப்பழியிலிருந்து மீண்ட சூசன்னாவின் கதையையும் உரோமைச் சபை போற்றி வைத்துக்கொண்டது. அவற்றைச் சீர்திருத்தச் சபையார் விட்டது எபிரேயத்தில் இல்லை என்பதற்காக. காரணம் ஒன்றாகவே இருந்திருந்தால் வரலாறு எழுதுவது எளிதாயிருக்கும்.

நெருப்பிலிட்டதாக இளங்கவிஞர் படித்த செய்தி நைசியாவுக்குப் பொருந்தாதெனினும் நம் அண்டை நாட்டுக்குப் பொருந்தும். கேரளத்துத் தோமா கிறித்தவர் சிரியாக்கு மொழி விவிலியத்தைப் பயன்படுத்தியவர்கள். அதன் புதிய ஏற்பாட்டில் இருபத்திரண்டு நூல்களே. பேதுருவின் இரண்டாம் திருமுகம், யோவானின் இரண்டாம் மூன்றாம் திருமுகங்கள், யூதாவின் திருமுகம், திருவெளிப்பாடு ஆகியவை இல்லை. 1599 சூன் திங்களில் கோவாவின் பேராயர் மெனேசெசு உதயம்பேரூரில் கூட்டிய சங்கம், இல்லாத நூல்களைச் சேர்க்குமாறு ஆணையிட்டது. கல்லெறியத் துணிந்தோரிடமிருந்து இயேசு ஒரு பெண்ணை மீட்ட பகுதியும் அவ்வாறு சேர்க்கப்பட வேண்டியவற்றுள் ஒன்று. அதே சங்கம், தள்ளத்தக்கவை என்று சிரியாக்கு நூல்கள் பலவற்றைப் பெயர் குறித்துக் கண்டித்து ஒப்படைக்கச் சொன்னது. அவற்றுள் மீட்பரின் குழந்தைப் பருவம் கூறும் நூல் ஒன்று. நூல்கள் எரியுண்டன. ஒரே கூட்டம் ஒரு கையால் சேர்த்து மறுகையால் எரித்த காட்சி இது. எரித்தவர்கள் எழுதிவைத்த அக்கண்டனப் பட்டியலே, அந்நாள் கேரளத்தில் எந்நூல்கள் இருந்தன என்பதை அறிய ஆய்வாளர்க்கு இன்று உதவுகிறது.

பகைவர் காத்த ஏடு நம்மிடமும் உண்டு. குண்டலகேசி என்னும் பௌத்த காப்பியம் மறைந்துவிட்டது. இன்று பாடல்களாகப் பதிப்புகளில் காண்பவை பத்தொன்பதே. அதனை மறுப்பதற்கென்றே எழுந்த சமண நூல் நீலகேசி. அதன் உரையாசிரியர் சமய திவாகர வாமன முனிவர், மறுப்பதற்காக எடுத்தாண்ட வழியாகவும் குண்டலகேசியைப் பற்றி நாம் அறிகிறோம். நீலகேசியும் உரையும் 1936இல் அ. சக்கரவர்த்தியால் அச்சேறின. இரேனியு தம் மறுப்பு நூலில் பெயர் சுட்டிப் பழித்த 'யூதாசின் நற்செய்தி' அவ்வாறே பெயரளவில் பதினெட்டு நூற்றாண்டுகள் கிடந்து, கோப்டிக்கு மொழிப் பெயர்ப்பாய் 2006இல் வெளிவந்தது. 1945இல் எகிப்தின் நாக் அம்மாடி அருகே சாடியில் கிடைத்த பதின்மூன்று சுவடிகளுள் 'தோமாவின் நற்செய்தி' நூற்றுப்பதினான்கு மொழிகளோடு முழுமையாக இருந்தது. 367இன் மடலுக்குப்பின் அருகிலிருந்த துறவியர் புதைத்திருக்கலாம் என்று கருதுவோர் உளர். அழிக்க எண்ணியவர் சாடியில் இட்டு வாய்மூடிப் புதைத்திருக்க மாட்டார்.

ஆனால் நெருப்பினும் பெரும்பகை கறையான். திருமுறைகண்ட புராணம் கூறுவதை நாம் அறிவோம். மூவர் பாடியவை இலட்சத்துக்கு மேற்பட்ட பதிகங்கள். தில்லைக் கோயிலில் அரசனும் நம்பியாண்டார் நம்பியும் அறையைத் திறந்தபோது புற்று மூடியிருந்தது. இக்காலத்துக்கு வேண்டுவன மட்டும் வைத்தோம் என்று வானொலி எழுந்தது. இன்றுள்ளவை எண்ணூற்றுக்குச் சற்றுக் குறைவு. எண்ணிக்கையை அப்படியே கொள்ளவேண்டுவதில்லை. இழந்ததை இறைவன் திருவுளமென்று ஏற்றுக்கொள்ளும் அந்த உள்ளத்தைக் கவனிக்கவேண்டும். சபைத் தந்தையரும் தம் பட்டியலைப் பற்றி அவ்வாறே எண்ணினர். மூவருக்கும் முற்பட்ட காரைக்காலம்மையார் பதினோராம் திருமுறையில் வைக்கப்பட்டார். அகத்துறைக் கோவையாகிய திருக்கோவையார் எட்டாம் திருமுறையுள் அமர்ந்தது. சாலமோனின் காதற்பாட்டு விவிலியத்துள் தங்கியதும் அவ்வாறு உயிர்க்கும் இறைவனுக்கும் ஆகிய காதலெனக் கொண்டே. நம்பிக்குப் பின் தோன்றிய பெரியபுராணம் பன்னிரண்டாவதாய் ஏறியது. அடைத்த கதவு ஒருமுறை திறந்தது.

இவ்விடத்தில் நம் வட்டத்தார்க்கு ஒரு விண்ணப்பம். இம்மலருக்கு வந்த படைப்புகள் எல்லாம் இதில் இடம்பெறவில்லை. பக்க அளவு இடந்தரவில்லை. தேர்ந்தவர்களுள் நானும் ஒருத்தி. அடுத்தடுத்து இரண்டு கவிதைகளை நீக்கிய மாலையில் செராப்பியோனை நினைத்துக்கொண்டேன். இடம்பெறாதவற்றை ஒரு கட்டாகக் கட்டி, எழுதியவர் பெயரும் நாளும் குறித்து, வட்டத்தின் அலமாரியிலேயே வைத்திருக்கச் செயலர் இசையவேண்டும்.

சம்பந்தர் பாடிய பதிகம் ஒன்று நம்பியின் தொகுப்புவழி வந்த ஏடுகள் எதிலும் இல்லை. திருவிடைவாய்க் கோயிலில் அது கல்லில் வெட்டப்பட்டிருந்தது. 1917இல் அக்கல்வெட்டைப் படித்தார்கள். இப்போது மூன்றாம் திருமுறைப் பதிப்புகளின் இறுதியில், பிற்சேர்க்கை என்னும் தலைப்பின்கீழ் அதனை அச்சிடுகிறார்கள்.